சொந்தக் குரலில் கோரஸ் சாம்பிள்கள்: வீட்டு ஸ்டூடியோவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பல்லவி இரண்டாம் முறை திரும்பி வரும் இடத்தில் பின்னால் எட்டுப் பேர் "ஆ" என்று எழும்ப வேண்டும். அறையிலோ நீங்கள் ஒருவர் மட்டுமே இருக்கிறீர்கள். வீட்டில் இசை அமைக்கும் எவருக்கும் ஒருநாள் இந்தச் சிக்கல் வந்தே தீரும். விலைக்குக் கிடைக்கும் கோரஸ் தொகுப்புகளில் (கீபோர்டு விசையில் வாசிக்கும்படி சுரம் சுரமாகப் பதிவு செய்த குரல்கள், அதாவது சாம்பிள்கள்) தரத்துக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றுள் பல, பெரிய கூடத்தில் நின்று பாடும் மேற்கத்திய சேர்ந்திசைக் குழுவின் ஒலியைத் தாங்கியவை; நம் மெட்டுக்குப் பின்னால் வைத்தால், பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவர்களுக்கு நடுவே ஒருவர் கோட்டும் சூட்டுமாக வந்து அமர்ந்தது போல இருக்கும்.

ஒரே ஆளின் குரலை எட்டாக்குவது எப்படி என்று யோசிப்பவர்கள் முதலில் செய்யும் தவறு, நன்றாகப் பாடிய ஒரு பதிவை எட்டு முறை நகலெடுத்து அடுக்குவதாகும். எட்டு நகல்களும் இம்மி பிசகாமல் ஒன்றே என்பதால் ஒலியளவு 18 டெசிபெல் கூடுமே தவிர, காதுக்கு அது ஒரே ஆளாகத்தான் கேட்கும். எட்டு முறை தனித்தனியாகப் பாடும்போது சுருதியிலும், தொடங்கும் நேரத்திலும், வாய் திறப்பிலும் தாமாக வரும் சிறு வேறுபாடுகளைத்தான் காது "பல பேர்" என்று எடுத்துக்கொள்கிறது. இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளும் அந்த வேறுபாட்டை உண்டாக்குவதற்கும், பின்னர் அதைத் திருத்தித் தொலைத்துவிடாமல் காப்பதற்கும்தான்.

இது புதிய வித்தை அன்று. இங்கிலாந்தின் 10சிசி குழுவினர் 1975-இல் வெளியிட்ட ஒரு பாடலுக்காக, ஸ்டாக்போர்ட் நகரின் ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் மூன்று பேர் ஒவ்வொரு சுரத்தையும் 16 முறை பாடி, சுரம் ஒன்றுக்கு 48 குரல்கள் என்று சேர்த்து, அவற்றை முடிவில்லாமல் சுழலும் நாடா வளையங்களாக்கி, மிக்ஸிங் மேசையின் ஃபேடர்களையே (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நழுவு பொத்தான்கள்) கீபோர்டு போல ஏற்றி இறக்கி வாசித்தார்கள். அவர்களுக்கு வாரக்கணக்கில் பிடித்த அந்த வேலையை இன்று ஒரு மடிக்கணினியும் நடுத்தர விலை மைக்கும் இருந்தால் மூன்று நாள்களில் முடித்துவிடலாம்.

முதல் படி: அளவை வரையறுத்துக்கொள்ளுங்கள்

ஆர்வத்தில் எல்லா உயிரெழுத்துகளையும் எல்லாச் சுரங்களிலும் பதிவு செய்யத் தொடங்கினால் இரண்டாம் நாளே தொண்டை கட்டிவிடும், தொகுப்பும் முடியாது. அகாரம், உகாரம், வாய் மூடிய "ம்" என்ற மூன்று ஒலிகள் முதல் தொகுப்புக்குப் போதும். அகாரம் திறந்து எழும்பும் இடங்களுக்கும், உகாரம் சரணத்தின் பின்னணிக்கும், "ம்" ஹம்மிங்குக்கும் உதவும். இகாரத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்; அதன் கூர்மை முதன்மைக் குரலின் சொற்களோடு மோதும்.

எல்லாச் சுரங்களையும் பாடத் தேவையில்லை. ஒரு பதிவைச் சாம்ப்ளர் (பதிவுகளைக் கீபோர்டில் வாசிக்க வைக்கும் மென்பொருள்) ஒரு செமிடோன் (அடுத்தடுத்த இரு விசைகளின் இடைவெளி) மேலும் கீழும் நகர்த்தும்போது, குரலின் தன்மையைத் தீர்மானிக்கும் வாய்க்குழி அதிர்வுகளும் கூடவே சுமார் 6 விழுக்காடு நகர்கின்றன. அதைக் காது பொறுத்துக்கொள்ளும். நான்கு செமிடோன் நகர்த்தினால் மாற்றம் 26 விழுக்காடாகி, பெரியவர் குரல் சிறுவன் குரலாகிவிடும். ஆகவே மூன்று செமிடோனுக்கு ஒரு சுரம் என்று பாடி, ஒவ்வொன்றையும் அதற்கு மேலும் கீழும் உள்ள ஒரு விசைக்கு மட்டும் பரப்புவதே நல்ல கணக்கு.

ஆண் குரலுக்கு ஓர் எடுத்துக்காட்டு (கட்டை என்பது சுருதியின் உயரத்தைக் குறிக்கும் எண்; 1 கட்டை கீபோர்டின் C): கீழ் 6 கட்டையில், அதாவது 110 ஹெர்ட்ஸில் தொடங்கி, 1 கட்டை, இரண்டரை, நாலரை, மீண்டும் 6, மேல் 1, மேல் இரண்டரை என்று 311 ஹெர்ட்ஸ் வரை ஏழு சுரங்கள். பெண் குரலுக்கு இதே வரிசையை 185 ஹெர்ட்ஸில், நாலரைக் கட்டையில் தொடங்கி 523 ஹெர்ட்ஸில் முடிக்கலாம். (மூன்று கட்டைக்கும் நாலு கட்டைக்கும் நடுவே அரைக் கட்டை கிடையாது என்பதை மறந்து எண்ணினால் கணக்கு பிசகும்.) ஏழு சுரம், மூன்று ஒலி, ஒவ்வொன்றும் எட்டு முறை என்றால் 168 பதிவுகள். ஒன்று எட்டு நொடி என்றால் குரல் மட்டுமே 22 நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். இதை ஒரே நாளில் பாட முயலாமல் நாளுக்கு ஓர் ஒலி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: அறையை அமைதிப்படுத்துங்கள்

நம் வீடுகளில் குரல் பதிவின் முதல் எதிரி மின்விசிறி. அதை நிறுத்தினால் வியர்க்கும். ஓடவிட்டால் மைக்கில் காற்றும், இறக்கை சுழலும் தாளமும் விழும். நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. அடுத்தது குளிர்பதனப் பெட்டி. அதன் கம்ப்ரஸர் விட்டு விட்டு ஓடுவதால் ஒரு பதிவில் இருக்கும் முனகல் அடுத்ததில் இருக்காது, எட்டையும் அடுக்கும்போதுதான் வெளிப்படும். பதிவு நேரத்தில் அதன் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மீண்டும் போட மறக்காமல் இருக்க கார் சாவியையோ வண்டிச் சாவியையோ அதற்குள்ளேயே வைத்துவிடுவது ஒரு பழைய தந்திரம். இன்வெர்ட்டர் அருகில் கேபிள் ஓடினால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் அதன் மடங்குகளும் ஏறும். மடிக்கணினியை மின்கலத்தில் ஓட்டிப் பார்த்து, இரைச்சல் குறைகிறதா என்று ஒப்பிடுங்கள்.

வெளிச் சத்தத்துக்கு மருந்து நேரம்தான். காய்கறி வண்டியும், குக்கர் விசிலும், கோயில் ஒலிபெருக்கியும் ஓய்ந்திருக்கும் பிற்பகல் இரண்டு முதல் நாலு மணி வரையிலான இடைவெளி என் தெருவில் எனக்கு வாய்த்தது; உங்கள் தெருவின் அமைதி நேரத்தை இரண்டு நாள் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அறையின் எதிரொலி இதைவிட நுட்பமான சிக்கல். சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையும் கொண்ட அறையில் சில அலைவெண்கள் மட்டும் பொங்கும். ஒரே இடத்தில் நின்று எட்டு முறை பாடினால் அதே பொங்கல் எட்டுப் பதிவுகளிலும் பதிந்து, கோரஸ் முழுவதும் ஒரு டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலாகும். இரும்பு பீரோவின் கதவைத் திறந்து புடவைகளை முன்னால் தொங்கவிடுவதும், இலவம்பஞ்சு மெத்தையை உங்களுக்குப் பின்னாலுள்ள சுவரில் சாய்த்து வைப்பதும் பயனளிக்கும். குரலின் எதிரொலி பெரும்பாலும் பாடுபவரின் பின்சுவரிலிருந்து மைக்கின் முகத்துக்குத் திரும்புவதால், மைக்குக்குப் பின்னால் இருப்பதைவிட உங்கள் முதுகுக்குப் பின்னால் மெத்தை இருப்பதே முக்கியம்.

மூன்றாம் படி: மைக்கும் அளவும்

கண்டென்ஸர் மைக் நுணுக்கம் தரும், அதே நுணுக்கத்தோடு பக்கத்து வீட்டையும் பதிவு செய்யும். அமைதியான அறை வாய்க்காதவர்களுக்கு மேடையில் பயன்படும் சாதாரண டைனமிக் மைக்கே நல்லது. யூஎஸ்பி மைக்கிலும் நல்ல தொகுப்பு செய்யலாம். கைப்பேசியில்தான் பதிவு என்றால், இரைச்சலைத் தானாக நீக்கும் வசதியை அணைத்துவிடும் பதிவுச் செயலியைப் பயன்படுத்துங்கள். அந்த வசதி நீண்ட ஒரே சுரத்தை மின்விசிறிச் சத்தம் என்று எண்ணி அரித்துவிடும்.

முதன்மைக் குரலுக்கு மைக்கிலிருந்து 15 சென்டிமீட்டர் என்றால், கோரஸுக்கு 30 முதல் 50 வரை தள்ளி நில்லுங்கள். நெருங்கினால் கீழ் அலைவெண்கள் தடிக்கும்; ஒரு குரலில் அந்தத் தடிப்பு இனிமை, எட்டில் அது சேறு. பதிவை 24 பிட், 44,100 அல்லது 48,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்ற எண்) என்று வைத்து, மிகப் பலமாகப் பாடும்போதும் மீட்டரின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அளவைத் தாண்டாமல் கெயினை (மைக்கின் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்ற அளவு) சரிசெய்யுங்கள். ஒருமுறை வைத்த கெயினை ஒரு ஒலியின் 56 பதிவுகளும் முடியும் வரை தொடாதீர்கள்.

44,100, 48,000 என்ற இரண்டு எண்களில் எதைத் தேர்ந்தாலும் கடைசி வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். என் முதல் தொகுப்பை 44,100-இல் பதிவு செய்துவிட்டு, 48,000-இல் திறந்திருந்த ஒரு பாட்டில் அப்படியே ஏற்றினேன்; நான் வைத்திருந்த எளிய சாம்ப்ளர் இரண்டுக்கும் இடையே மாற்றம் செய்யாததால் குரல் ஏறத்தாழ ஒன்றரை செமிடோன் உயர்ந்துவிட்டது. ஒரு மாலை முழுவதும் சுருதி சேராமல் பாடிவிட்டேன் என்று என்னையே நொந்துகொண்டிருந்தேன்.

ஹெட்ஃபோனில் மூடிய வகையே வேண்டும். ப்ளூடூத் ஹெட்ஃபோன் காலதாமதம் தரும் என்பதால் இந்த வேலைக்கு உதவாது.

நான்காம் படி: ஒவ்வொரு சுரத்தையும் ஷட்ஜமாகப் பாடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். நம் செவிக்கும் தொண்டைக்கும் கமகம் பழகிவிட்டது. கர்நாடக இசை கற்றவர்கள் மட்டுமல்லாமல், சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்தவர்களும் ஒரு சுரத்தில் நேராக நிற்கச் சொன்னால் கீழிருந்து சறுக்கி ஏறுவார்கள், நடுவில் ஒருமுறை அசைப்பார்கள், முடிக்கும்போது ஒரு வளைவு போடுவார்கள். தனிக் குரலில் அது உயிர். சாம்பிளில் அதுவே இடையூறு. ஏனெனில் அந்த அசைவு ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் அதே இடத்தில், அதே அளவில் திரும்ப வரும்.

"கமகம் இல்லாமல் பாடு" என்று தொண்டைக்குக் கட்டளையிட்டால் அது விறைத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக, பாடப்போகும் சுரத்துக்கே சுருதியை மாற்றி வைத்துக்கொண்டு அதை ஷட்ஜமாக எண்ணிப் பாடுங்கள். ஷட்ஜமும் பஞ்சமமும் அசையாத சுரங்கள் என்பது முதல் பாடத்திலேயே தொண்டைக்குள் பதிந்துவிட்டதால், குரல் தானாக நேராக நிற்கும். இரண்டரைக் கட்டைச் சுரத்தைப் பாடும்போது சுருதியை இரண்டரையில் வையுங்கள். நாலரைக்குப் போகும்போது சுருதியையும் நாலரைக்கு மாற்றுங்கள்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. தம்புராவின் ஷட்ஜத்தோடு இயல்பாக இழையும் அந்தர காந்தாரம் (ஷட்ஜத்துக்கு நான்கு செமிடோன் மேலுள்ள "க"), கீபோர்டின் காந்தாரத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட் தாழ்ந்தது. (ஒரு செமிடோனின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்.) நல்ல செவியுள்ளவர் ஒரே சுருதியை வைத்துக்கொண்டு வரிசையாகப் பாடினால் அந்தத் தாழ்ந்த காந்தாரத்தைத்தான் பாடுவார்; இசையாக அது சரி. ஆனால் அந்தப் பதிவைக் கீபோர்டின் மற்ற வாத்தியங்களோடு சேர்த்தால் உரசும். ஒவ்வொரு சுரத்தையும் அதனதன் ஷட்ஜமாகப் பாடினால் இந்த உரசலுக்கு இடமே இல்லை.

சுருதிக்குப் பியானோ ஒலி வேண்டாம். அடித்த கணத்திலிருந்து அது தேய்ந்துகொண்டே போகும். மென்மையான ஆர்கன் ஒலியையோ, சுருதிப் பெட்டிச் செயலியையோ ஒரு காதில் மட்டும் தாழ்ந்த ஒலியில் ஓடவிடுங்கள். மற்றக் காதை ஹெட்ஃபோனிலிருந்து விலக்கி உங்கள் குரலையே கேளுங்கள். விலக்கிய பக்கத்தின் ஒலியை மென்பொருளில் அணைத்துவிட மறக்காதீர்கள்; இல்லாவிட்டால் அந்தப் பக்கத்திலிருந்து கசியும் சுருதி எல்லாப் பதிவுகளிலும் விழும்.

ஐந்தாம் படி: பாடும் ஒழுங்கு

மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 என்று வையுங்கள்; ஒரு தட்டு ஒரு நொடி. இரண்டு தட்டு மூச்செடுத்து, மூன்றாவதில் தொடங்கி எட்டுத் தட்டு பிடித்து, இரண்டு தட்டு அமைதி விட்டு, மீண்டும் மூச்சு. பதிவை நிறுத்தாமல் ஒரே கோப்பாக எட்டு முறையும் பாடிவிடுங்கள். ஒவ்வொன்றும் 12 நொடிக் கட்டத்துக்குள் விழுவதால் பின்னால் வெட்டுவது எளிது. இடையிடையே எழுந்து பொத்தானை அழுத்தும் சலிப்பும் இல்லை.

தொடக்கம் மென்மையாக இருக்க வேண்டும். அகாரத்தைத் தொண்டையில் வெட்டித் தொடங்கினால் எட்டு வெட்டுகளும் சேர்ந்து "டக்" என்று கேட்கும். காதில் விழாத ஒரு "ஹ" முன்னால் இருப்பதாக எண்ணி மூச்சோடு குரலை வெளியே விடுங்கள். "ம்" பாடும்போது உதடுகள் மூடியிருந்தாலும் பல்வரிசைகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும். பல்லைக் கடித்துப் பாடிய "ம்" மூக்கடைப்பாக ஒலிக்கும். அளவு எட்டு நொடியும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஏற்ற இறக்கத்தைப் பின்னால் கீபோர்டில் கொடுத்துக்கொள்ளலாம்.

எட்டு முறையும் எட்டு ஆள்களாக நினைத்துப் பாடுங்கள். முதல் இரண்டை உங்கள் இயல்பான குரலில் பாடுங்கள். அடுத்த இரண்டில் ஓரடி பின்னால் நகருங்கள். ஐந்தாவதில் வாயைச் சற்றுக் குவித்து, அகாரத்தில் ஓகாரத்தின் நிழல் விழும்படி பாடுங்கள். ஆறாவதில் புன்னகைத்துக்கொண்டு பாடுங்கள், ஒலி தானாக வெளுக்கும். ஏழாவதில் மூச்சுக் காற்றைக் கூட்டி ரகசியம் பேசுவது போலப் பாடுங்கள். எட்டாவதில் மைக்கைப் பாராமல் பக்கவாட்டில் திரும்பிப் பாடுங்கள். தனித்தனியே கேட்டால் ஏழாவதும் எட்டாவதும் குப்பையாகத் தோன்றும். நீக்கிவிடாதீர்கள், கூட்டத்தின் பின்வரிசை அவைதான்.

காலையில் குரல் கனத்திருக்கும் என்பதால் கீழ்ச் சுரங்களைக் காலையிலும், மேல் சுரங்களைக் குரல் இளகிய பிறகும் வைத்துக்கொள்வது நலம். வெதுவெதுப்பான நீர் போதும். பாலும் தயிரும் சளியைக் கட்டுவதாகப் பாடகர்கள் பலர் அன்று தவிர்ப்பார்கள். எனக்கு அதனால் பெரிய வேறுபாடு தெரிந்ததில்லை.

ஆறாம் படி: வெட்டுதலும், கை அடக்கமும்

ஆடாசிட்டி, ரீப்பர், கராஜ்பேண்ட் என்ற பதிவு மென்பொருள்கள் எதிலும் இந்த வேலை நடக்கும். முதலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை நீக்குங்கள். மிகத் தாழ்ந்த சுரமே 110 என்பதால் குரலுக்குச் சேதமில்லை. ஒவ்வொரு பதிவின் முன்னும் ஒலி மெல்ல எழும்படி 10 மில்லி நொடி ஏறுமுகம் கொடுத்து, மூச்சு எடுக்கும் ஒலியை வெட்டுங்கள். இரண்டொரு நல்ல மூச்சுகளைத் தனிக் கோப்பாக வைத்துக்கொண்டால், பின்னால் பாட்டில் கோரஸ் நுழைவதற்கு முன் அவற்றை மெல்ல வைக்கலாம். மனிதர்கள் நிற்கிறார்கள் என்று காது நம்பிவிடும்.

தொடக்கங்கள் எட்டும் 30, 40 மில்லி நொடிக்குள் சிதறியிருந்தால் அப்படியே விடுங்கள். அதற்கு மேல் தனித்து நிற்பதை மட்டும் நகர்த்துங்கள்.

சுருதி திருத்தத்தில்தான் பெரும்பாலான வீட்டுக் கோரஸ்கள் செத்துப்போகின்றன. என் இரண்டாவது தொகுப்பில் எட்டுப் பதிவுகளையும் மென்பொருளில் போட்டு, ஒவ்வொன்றையும் சுரத்தின் மையத்துக்கு நூறு விழுக்காடு இழுத்து வைத்தேன். அடுக்கிக் கேட்டபோது கோரஸ் மறைந்து, குழாய்க்குள் ஒருவர் பாடுவது போன்ற ஒலி மட்டுமே மிஞ்சியது. காரணம் எளிது. 440 ஹெர்ட்ஸ் சுரத்தில் இரு குரல்களுக்கு இடையே 10 சென்ட் வேறுபாடு இருந்தால், ஒலி நொடிக்கு இரண்டரை முறை மெல்ல அலைமோதும்; எட்டுக் குரல்கள் எட்டு விதமாக அலைமோதும்போது வரும் மினுமினுப்பைத்தான் நாம் கோரஸ் என்கிறோம். அதை நானே மெனக்கெட்டு அழித்திருந்தேன். 20 சென்ட்டுக்கு மேல் விலகியதை மட்டும் பாதி தூரம் இழுத்து விடுங்கள். அதற்குள் இருப்பதைத் தொடவே வேண்டாம். ஒரு பதிவு நடுவில் தளர்ந்து விழுந்திருந்தால் திருத்துவதைவிட மீண்டும் பாடுவது விரைவில் முடியும்.

ஏழாம் படி: அடுக்குதல்

இயல்பான குரலில் பாடிய முதல் இரண்டையும் மையத்துக்கு அருகில் இடமும் வலமுமாகக் கால் பங்கு விலக்கி வையுங்கள். ஓரடி தள்ளிப் பாடியவற்றைப் பாதிக்கும் சற்று மேலாகவும், மற்ற நான்கையும் இரு ஓரங்களுக்கு அருகிலும் பிரித்து வையுங்கள். மூச்சுக் குரலும் பக்கவாட்டுக் குரலும் எதிரெதிர் ஓரங்களில் இருக்கட்டும்; இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்தால் அந்தப் பக்கம் மங்கிவிடும். பின்வரிசையின் அளவை முன்வரிசையைவிட நாலைந்து டெசிபெல் குறையுங்கள். பிறகு மோனோவில் ஒருமுறை கேளுங்கள். கைப்பேசியின் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்பவர்கள் ஏராளம். அங்கே கோரஸ் மெலிந்துபோனால் ஓரங்களில் உள்ளவற்றைச் சற்று உள்ளே இழுக்க வேண்டும்.

குரல்கள் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் அறை இரைச்சலும் 3 டெசிபெல் ஏறும். எட்டுக் குரலுக்கு 9 டெசிபெல். குரல் ஒலிக்கும்போது அது மறைந்திருக்கும், முடியும் இடத்தில் வெளிப்படும். இரைச்சல் நீக்கும் கருவியை அடுக்கிய பிறகு போடாமல் ஒவ்வொரு பதிவிலும் தனித்தனியாக, மிக மெல்லிய அளவில் போடுவது நல்லது. எதிரொலி, கம்ப்ரஸர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தை அடக்கும் கருவி) எதையும் இந்தக் கட்டத்தில் சேர்க்காதீர்கள்; சாம்பிளில் பதிந்த எதிரொலியைப் பின்னால் எடுக்க முடியாது.

இப்போது ஒவ்வொரு ஒலியிலும் சுரத்துக்கு ஒரு ஸ்டீரியோ வேவ் கோப்பு கிடைக்கும். ஆக 21 கோப்புகள். மொத்தம் 50 மெகாபைட்கூட வராது.

எட்டாம் படி: லூப்பும் கீபோர்டும்

எட்டு நொடிக்கு மேலும் விசையை அழுத்திப் பிடிப்பவர்களுக்காக நடுப்பகுதி சுழல வேண்டும். தொடங்கி இரண்டாம் நொடியிலிருந்து ஆறரை நொடி வரையிலான பகுதியைத் தேர்ந்து, முனைகள் இரண்டும் ஒன்றோடொன்று கரையும்படி அரை நொடி கிராஸ்ஃபேடு கொடுங்கள். லூப்பை அடுக்கிய கோப்பில்தான் செய்ய வேண்டும். எட்டுக் குரல்களின் கலப்பில் இணைப்பு மறைந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் கேளுங்கள். நாலரை நொடிக்கு ஒருமுறை ஏதாவது "வந்து வந்து போகிறது" என்று தோன்றினால், அந்தப் பகுதிக்குள் ஒரு குரல் எங்கோ அசைந்திருக்கிறது. தொடக்கப் புள்ளியை அரை நொடி தள்ளிப் பாருங்கள்.

கோப்புகளுக்குப் பெயரிடும்போது சுரத்தின் எழுத்தைவிட மிடி எண்ணை (கீபோர்டின் ஒவ்வொரு விசைக்கும் உள்ள எண்) பயன்படுத்துங்கள். கீபோர்டின் நடு C-யான 261.6 ஹெர்ட்ஸை ஒரு மென்பொருள் மூன்றாம் ஸ்தாயி என்றும் மற்றொன்று நான்காம் ஸ்தாயி என்றும் குறிக்கும். மிடி எண் 60 என்பது எங்கும் 60தான். மேலே சொன்ன ஆண் குரல் வரிசைக்கு மூல எண்கள் 45, 48, 51, 54, 57, 60, 63. முதல் கோப்பு 44 முதல் 46 வரையிலான விசைகளுக்கு, அடுத்தது 47 முதல் 49 வரை, இப்படியே 64 வரை இடைவெளியின்றிப் பரவும்.

இலவசமாகக் கிடைக்கும் டீசென்ட் சாம்ப்ளர், ஸ்ஃபோர்சாண்டோ இரண்டும் இதற்குப் போதுமானவை. ஸ்ஃபோர்சாண்டோ படிக்கும் கோப்பு சாதாரண நோட்பேடில் எழுதக்கூடிய உரைதான்: ஒவ்வொரு சாம்பிளுக்கும் அதன் பெயர், கீழ் எல்லை விசை, மேல் எல்லை விசை, மூல விசை என்று ஒரு வரி. ரீப்பர் வைத்திருப்பவர்கள் அதனுடன் வரும் சாம்ப்ளரையே பயன்படுத்தலாம். தொடக்க நேரத்தை 80 மில்லி நொடி அளவிலும், விட்ட பின் ஒலி அடங்கும் நேரத்தை 400 மில்லி நொடி அளவிலும் வையுங்கள். மாடுலேஷன் சக்கரத்தை ஒலியளவோடும், கூடவே மேல் அலைவெண்களை மூடித் திறக்கும் ஃபில்டரோடும் இணைத்தால், சக்கரத்தை ஏற்றும்போது எட்டுப் பேரும் வாய் திறந்து எழும்புவது போலிருக்கும்.

குலவையும் கும்மியும்

நீண்ட சுரங்களைப் போலவே சிறு துணுக்குகளுக்கும் ஒரு கோப்புறை ஒதுக்குங்கள். விலைத் தொகுப்புகளில் எளிதில் கிடைக்காதவை இவைதான். "தன்னானே" என்ற கும்மி அடி, "ஏலேலோ" என்ற இழுப்பு, பாடகர் ஒரு வரி முடித்ததும் வரும் "ஆமா", கைதட்டு, "ஹோய்" போன்றவற்றை 90, 100, 120 என்ற மூன்று வேகங்களில் பதிவு செய்து, கோப்பின் பெயரில் வேகத்தையும் எழுதிவையுங்கள். தெருக்கூத்திலும் வில்லுப்பாட்டிலும் பின்பாட்டுக்காரர்கள் சொல்லின் கடைசி அசையை வெட்டி முடிப்பதைக் கவனித்திருப்பீர்கள். நீட்டிச் சுருதியில் நிறுத்தினால் அது சினிமாக் கோரஸாகிவிடும்.

குலவை தனிக் கவனம் கேட்பது. நாக்கு அசையும் வேகமும் மேல் சுருதியின் கூர்மையும் சேர்ந்து மைக்கைத் திணறடிக்கும். மைக்கிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நிற்கச் சொல்லி, கெயினை 10 டெசிபெல் குறையுங்கள். நேரே மைக்கை நோக்காமல் அதன் தலைக்கு மேலே பார்த்துக் குலவையிடட்டும். இதை நீங்களே போலியாகச் செய்வதைவிட, வழக்கமாகக் குலவையிடும் வீட்டுப் பெண்கள் இரண்டு மூன்று பேரை அழைத்து, சேர்ந்து ஐந்து முறையும் தனித்தனியே ஐந்து முறையும் பதிவு செய்யுங்கள். அத்தை ஒருவர் என் அறையில், "நல்ல காரியம் இல்லாம எப்படிப்பா குலவ போடுறது?" என்று தயங்கினார். ஒரு தட்டில் வெற்றிலையும் பழமும் வைத்த பிறகு வந்த குலவை, அதற்கு முன் வந்ததைவிடப் பத்து மடங்கு நன்றாக இருந்தது.

பிறர் குரலைப் பயன்படுத்தும்போது, சொந்தக்காரர்கள்தானே என்று விட்டுவிடாமல், எதற்குப் பயன்படும், விற்கப்படுமா, பணம் உண்டா என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 38-ஆம் பிரிவு பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை தருகிறது. அது 50 ஆண்டு நீடிப்பது. தொகுப்பைப் பின்னால் விற்க நினைத்தால் அந்தத் தாள் இல்லாமல் முடியாது.

பாட்டுக்குள் வைப்பது

சாம்பிளை வாசிக்கும்போது மூன்று விரல் நெருக்கமாக வைத்து நடு ஸ்தாயியில் வாசியுங்கள். கீழ் ஸ்தாயியில் காந்தாரத்தைச் சேர்த்தால் குழம்பும், அங்கே ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் போதும். மெட்டு ஒரு ராகத்தை ஒட்டி நகர்கிறது என்றால், கார்டில் (சேர்த்து அழுத்தும் சுரங்களில்) அந்த ராகத்துக்கு அந்நியமான சுரம் நுழைகிறதா என்று பாருங்கள். வேண்டுமென்றே நுழைப்பது வேறு, விரல் பழக்கத்தில் நுழைவது வேறு.

150 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதைக் கோரஸிலிருந்து நீக்கி, 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இரண்டு மூன்று டெசிபெல் குறைத்தால், முதன்மைக் குரலின் சொற்களுக்கு வழி கிடைக்கும். எதிரொலியை முதன்மைக் குரலைவிடக் கோரஸுக்குச் சற்று அதிகமாகக் கொடுங்கள். அவர்கள் பின்னால் நிற்கிறார்கள் என்று தெரியும்.

சாம்பிளால் முடியாத ஒன்று சொல். பல்லவியின் ஈற்றடியைக் கோரஸ் பாட வேண்டுமென்றால், சாம்பிளின் அகாரத்தைக் கீழே ஓடவிட்டு, அதற்கு மேல் நீங்களே அந்த அடியைச் சொற்களோடு புதிதாக இரண்டு முறை பாடி இடமும் வலமும் வையுங்கள். ஒரு தடத்தில் மட்டும் க, ச, ட, த, ப என்ற வல்லினங்களை அழுத்திச் சொல்லுங்கள். மற்றதில் அவற்றை விழுங்கிவிட்டு உயிரோசையை மட்டும் பாடுங்கள். இரண்டிலும் அழுத்தினால் ஒவ்வொரு "ச"வும் இரண்டு முறை சீறும்.